எஃகில் விளையும் வர்ணங்கள்

லண்டனிலோ பர்மிங்ஹாமிலோ உள்ள துப்பாக்கிக் கம்மியரிடம் தமக்கென்றே அளவெடுத்து ஓர் இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கி செய்யச் சொல்லுகிறவர், குழலின் நீளத்தையும், மரக்கட்டையின் வளைவையும், விசையை இழுக்க வேண்டிய பலத்தையும் தீர்மானித்து, எஃகின்மேல் இன்ன கொடி, இன்ன பறவை செதுக்கப்பட வேண்டும் என்பதையும் மனநிறைவோடு சொல்லி முடித்த பிற்பாடுதான், பெரும்பாலும் விடைபெற்று எழும் தறுவாயில், "மெருகு எப்படி இருக்கட்டும்?" என்ற கேள்வியைச் சந்திக்கிறார். பலவர்ணம் படர்ந்த மெருகு, பழைய வெள்ளி நாணயத்தின் சாம்பல் மெருகு, கருநீல மெருகு ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு, கண்ணுக்கு இதமாகப் பட்டதைச் சுட்டிக்காட்டிவிட்டால் போதும் என்றே அவருக்குத் தோன்றும். வீட்டுக் கதவுக்குச் சாயம் தேர்ந்தெடுப்பவர் அதற்குமேல் யோசிப்பதில்லை அல்லவா? ஆனால் கதவின் சாயம் வெளியிலிருந்து வந்து ஒட்டுவது. எஃகின் மெருகோ எஃகிலிருந்தே விளைவது. எந்த எஃகு, எவ்வளவு உஷ்ணம், எந்த ரசாயனம், எவ்வளவு ஆழமான செதுக்கு என்ற நான்கும் அதோடு பிரிக்கமுடியாதபடி பிணைந்திருப்பதால், கடைசியில் கேட்கப்படும் அக்கேள்வி நியாயமாக முதலிலேயே கேட்கப்பட வேண்டியதாகும்.

சித்திரம் ஏறும் இடத்தை முதலில் பார்த்துக்கொள்வோம். குழல்கள் மடிந்து திறக்கும் கீலையும், தோட்டா வெடிக்கும்போது பின்னோக்கி எழும் வேகத்தைத் தாங்கும் சுவரையும், சுத்தியல்களையும் வில்களையும் தன்னிடம் கொண்ட எஃகுக் கூடுதான் இவ்வகைத் துப்பாக்கிக்கு மத்தியஸ்தானம். பர்மிங்ஹாமில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஆன்சன், டீலி என்ற இருவர் 1875இல் காப்புரிமை பெற்ற அமைப்பில் யந்திரம் முழுவதும் அக்கூட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். லண்டனின் உயர்ந்த ரகத் துப்பாக்கிகளிலோ, யந்திரம் இருபக்கமும் உள்ள பூட்டுத் தகடுகளின் உட்புறத்தில் பொருத்தப்படுவதால், வழவழப்பான அகன்ற தகடு ஒன்று ஒவ்வொரு பக்கமும் செதுக்குவேலைக்குக் கிடைக்கிறது. இக்கூடு எஃகிடம் ஒன்றுக்கொன்று முரணான குணங்களை எதிர்பார்க்கிறது. பல்லாயிரம் முறை திறந்து மூடியும் கீல் தேயாதிருக்க மேற்பரப்பு கடினமாயிருக்க வேண்டும். வெடியின் அதிர்ச்சியில் நொறுங்காதிருக்க உட்புறம் இளகிக் கொடுக்கும் தன்மையோடிருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் மேலாக, செதுக்குளியைக் கையில் பிடித்தவருக்கு, உளி தங்குதடையின்றி ஓடும்படியான மென்மை மேற்பரப்பிலேயே தேவைப்படுகிறது.

இச்சங்கடத்துக்குப் பழைய கம்மியர் கண்ட உபாயம் மிகவும் சாதுரியமானது. கரிச்சத்து நூற்றுக்குக் கால் பங்குக்கும் குறைவாக உள்ள மெதுவான எஃகினால் கூட்டைச் செய்து, சித்திரத்தையெல்லாம் செதுக்கி முடித்துவிட்டு, அதன் பிறகே அதை எலும்புக்கரியும் மரக்கரியும் கலந்த தூளுக்குள் புதைத்து, இரும்புப் பெட்டியில் மூடி, 700 முதல் 800 டிகிரி சென்டிகிரேடு வரையிலான உஷ்ணத்தில் உலைக்குள் வைத்துவிடுவார்கள். பெட்டிக்குள் அகப்பட்டிருக்கும் சிறிதளவு பிராணவாயு கரியோடு கூடிக் கார்பன் மோனாக்சைடாகிறது. அவ்வாயு எஃகின் மேற்பரப்பில் சிதைந்து, கரியணுவை அங்கே விட்டுவிட்டுக் கார்பன் டையாக்சைடாக விலகி, மறுபடியும் சூடான கரியைத் தொட்டுத் தன் பழைய உருவத்தை அடைந்து, அடுத்த கரியணுவைக் கொண்டுவருகிறது. 727 டிகிரிக்கு மேல் இரும்பின் அணுக்கள் வேறோர் அடுக்குமுறைக்கு மாறத் தொடங்குவதாலும், அவ்வடுக்கில் கரியணுக்கள் புகுந்துகொள்ள இடம் தாராளமாயிருப்பதாலும், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று அதிகமான ஆழத்துக்குக் கரிச்சத்து எஃகில் ஊறிவிடுகிறது. அப்போது பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்புக்கே கொண்டுவந்து சடுதியில் கவிழ்த்துத் தோய்ச்சல் போட்டால், கரியணுக்கள் வெளியேற அவகாசமின்றி இரும்பணுக்களிடையே சிக்கிக்கொள்ள, அரமும் பற்றாத கடினத்தோடு மேற்பரப்பு இறுகிவிடுகிறது. ஜெர்மானிய உலோக நிபுணர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் நினைவாக 'மார்ட்டென்சைட்' என்று வழங்கப்படும் இந்த நிலையை அடையும்போது எஃகு சற்றுப் பருக்கவும் செய்வதால், கூடு கோணிப்போகும் அபாயம் எப்போதும் உண்டு. அதைத் தடுப்பதற்காக இடைவெளிகளிலெல்லாம் இரும்புக் கட்டைகளை வைத்து முடுக்கியே உலைக்கு அனுப்புகிறார்கள். செதுக்குவேலைக்காரர் மாதக்கணக்கில் உழைத்த உழைப்பு முழுவதும் தண்ணீரில் விழும் அந்த ஓரிரு விநாடிகளில் பணயமாக வைக்கப்படுகிறது என்பதை நினைத்தால், இத்தொழிலில் இறங்குகிறவர்களின் நெஞ்சுரத்தைக் கண்டு வியக்காமலிருக்க முடிவதில்லை.

கடினமாக்குவதற்கென்று செய்த காரியத்தின் உபபலனாக வந்து சேர்ந்ததுதான் பலவர்ண மெருகு. கூடு தண்ணீரிலிருந்து எடுக்கப்படும்போது அதன்மேல் நீலமும், ஊதாவும், வைக்கோல் மஞ்சளும், பழுப்பும், சாம்பலும் எல்லை தெரியாமல் ஒன்றில் ஒன்று கரைந்து படர்ந்திருக்கும். தோய்ச்சல் தண்ணீருக்குள் காற்றைக் குமிழிகளாகச் செலுத்துவதும், சிலர் அதில் வெடியுப்பைக் கலப்பதும், பிராணவாயு சூடான எஃகை ஆங்காங்கே ஏற்றத்தாழ்வாகத் தொடும்படி செய்வதற்காகவே. பெட்டியைக் கவிழ்க்கும் கை சற்றே தயங்கி, எஃகு தண்ணீரைத் தொடுவதற்கு முன் வெளிக்காற்றைத் தொட்டுவிட்டால், தடித்த ஆக்சைடு படிந்து வர்ணங்கள் அனைத்தும் மங்கிய சாம்பலாக முடிந்துவிடும். வர்ணம் தரும் ஆக்சைடுப் படலம் அவ்வளவு மெல்லியது. நீலம் தோன்றும் இடத்தில்கூட அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கை எட்டுவதில்லை.

இந்தப் படலத்தில் சாயப்பொருள் எதுவும் கிடையாது என்பதுதான் விசேஷம். மேலே விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதி படலத்தின் மேல்முகத்திலும், மற்றொரு பகுதி படலத்தை ஊடுருவிச் சென்று அடியிலுள்ள எஃகிலும் பட்டுத் திரும்புகின்றன. திரும்பும் அலைகள் இரண்டும் ஒன்று சேரும்போது, எந்த நிறத்தின் அலைகளில் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தோடு பொருந்துகிறதோ அந்த நிறம் தணிந்துபோக, எஞ்சிய நிறங்களின் கலவையே நம் கண்ணை வந்தடைகிறது. படலம் மிகவும் மெல்லியதாயிருக்கையில் முதலில் தணிவது குறுகிய அலைநீளமுள்ள ஊதாவும் நீலமும் ஆகையால் எஃகு வைக்கோல் மஞ்சளாகத் தெரிகிறது. தடிமன் ஏற ஏறப் பச்சையும், பின்னர் மஞ்சளும் செம்மஞ்சளும் தணியவே, பழுப்பு, ஊதா, நீலம் என்று வர்ணங்கள் வரிசைப்படி மாறிச் செல்கின்றன. சோப்புக் குமிழியின் வர்ணங்களுக்கும் காரணம் இதுவே. ராபர்ட் ஹூக் 1665இல் வெளியிட்ட 'மைக்ரோகிராபியா' என்ற நூலில் அப்பிரகத்தின் மெல்லிய ஏடுகளில் கண்ட வர்ணங்களோடு, சூடேற்றிய எஃகில் தோன்றும் வர்ணங்களையும் சேர்த்தே ஆராய்ந்திருக்கிறார். ஆயினும் அலைகளின் கூடுதல் குறைதலைக் கொண்டு விளக்கம் சொல்ல, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் யங் வர வேண்டியிருந்தது. அதற்கும் நூறாண்டுகளுக்குப் பின், திருச்சிராப்பள்ளியில் பிறந்து அப்போது கல்கத்தாவில் பேராசிரியராயிருந்த சி. வி. ராமன், 1922இல் 'நேச்சர்' பத்திரிகையில் எஃகின் இவ்வர்ணங்களைப் பற்றி எழுதினார். கொல்லுலையில் அன்றாடம் காணும் ஒரு நீலம், ஒளியியல் மேதைகளுக்குச் சிந்தனை விருந்தாக இருந்து வந்திருக்கிறது.

இனி, செதுக்குக்கும் இவ்வர்ணத்துக்கும் உள்ள உறவைப் பார்ப்போம். ஆங்கிலேயத் துப்பாக்கிகளில் மரபாக வரும் சித்திரம், சிறு ரோஜாக் கொத்துகளும் அவற்றைச் சூழ்ந்து நெருக்கமாகச் சுருளும் கொடிகளுமாகும். 1814இல் தொடங்கிய பர்டி நிறுவனத்தின் துப்பாக்கிகளில் இது ஒரு முத்திரையாகவே நிலைத்துவிட்டது. தகட்டை இடைவெளியின்றி நிரப்பும் இக்கொடிச்சுருள், சற்றுத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தனித்தனிக் கோடுகளாகத் தெரியாமல், எஃகின் இயல்பான இழையமைப்பாகவே தோன்றுகிறது. அதன்மேல் வர்ணங்கள் படரும்போது இரண்டும் ஒன்றையொன்று மறைப்பதில்லை. துப்பாக்கியைச் சற்றே திருப்பினால் வர்ணம் பின்வாங்கிச் செதுக்கு முன்வருகிறது, மறுபடி திருப்பினால் செதுக்கு அடங்கி வர்ணம் மேலோங்குகிறது. சிறு கொடிச்சுருளுக்குப் பலவர்ண மெருகைக் காட்டிலும் பொருத்தமானது வேறில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். ஆனால் அதே மெருகை ஒரு காடையின் இறகுகளையோ ஒரு வேட்டை நாயின் முகத்தையோ நுணுக்கமாகத் தீட்டிய தகட்டின்மேல் வரவழைப்பது, நல்ல ஓவியத்தின்மேல் வர்ணக் குழம்பைக் கவிழ்ப்பதற்குச் சமானமாகும்.

அவ்வகை நுணுக்க வேலைக்குத் தாயகம் இத்தாலியின் பிரேஷா மாகாணத்திலுள்ள பள்ளத்தாக்கு ஊரான கார்டோனே வால் டிராம்பியா. வெனிஸ் நகரத்து ஆயுதசாலைக்குத் துப்பாக்கிக் குழல்கள் விற்றதற்காக அவ்வூர்க் கம்மியர் பார்த்தொலொமேயோ பெரெட்டா பணம் பெற்றதைச் சொல்லும் 1526ஆம் ஆண்டின் ஆவணம் கிடைத்திருக்கிறது என்றால், அப்பள்ளத்தாக்கின் தொழில் எவ்வளவு தொன்மையானது என்பது விளங்கும். அங்குள்ள சிற்பிகள் சுத்தியலை ஒதுக்கிவிட்டு, 'புலினோ' என்ற கூர்மையான செதுக்குளியை உள்ளங்கையால் தள்ளியே, பூதக்கண்ணாடியின் துணைகொண்டு, எண்ணற்ற நுண்புள்ளிகளாலும் மயிரிழைக் கோடுகளாலும் நிழலும் ஒளியும் தோன்றும்படி உருவங்களை எழுப்புகிறார்கள். ஃபிர்மோ ஃபிரகாசி போன்றவர்களின் கையில் மிருகங்களின் உரோமம் புகைப்படத்துக்கு நிகரான உண்மையோடு எழுந்து நிற்கிறது. இச்சித்திரம் முழுவதும் ஓர் ஒளியியல் சாமர்த்தியமே. மழமழப்பாகத் தேய்த்த எஃகு, விழும் வெளிச்சத்தை ஒரே திசையில் திருப்புகிறது. உளி பட்ட நுண்குழியின் சாய்ந்த சுவரோ அதை வேறு திசையில் சிதறடித்துவிடுவதால் அந்த இடம் கண்ணுக்குக் கருமையாகிறது. குழிக்குள் கரிய மையைத் தேய்த்து நிரப்பும்போது அக்கருமை இன்னும் ஆழ்ந்துவிடுகிறது. வெளுத்த பின்னணிக்கும் கரிய புள்ளிக்கும் உள்ள வேற்றுமை குறையுமளவுக்கு உருவமும் மங்கும். ஆகவே புலினோ வேலைக்கு நாணய மெருகு என்னும் வெளிறிய சாம்பலே ஏற்றது; இது வெறும் ருசி சம்பந்தமான விஷயமல்ல.

நாணய மெருகு, ஒன்றும் செய்யாமல் எஃகை அப்படியே விட்டுவிடுவதால் வந்துவிடுவதில்லை. மரபான முறைப்படி, கூட்டைக் கரிப்பெட்டியில் வைத்துக் கடினமாக்கிய பின், அதில் விளைந்த வர்ணப் படலத்தை வலுக்குறைந்த திராவகத்தால் கழுவி நீக்கிவிடுகிறார்கள். வர்ணம் போனாலும் கடினம் போவதில்லை. படலம் வேறு, அதனடியில் கரியூறிய தோல் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டாம். இக்காலத்தில் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த வலிமையான எஃகுகளைப் பயன்படுத்துகிறவர்கள், அவற்றைத் தண்ணீரில் தோய்த்தால் வெடிப்பு விழும் என்ற அச்சத்தாலும், அவற்றில் வர்ணங்கள் சோபிப்பதில்லை என்ற காரணத்தாலும், சுமார் 500 டிகிரியில் நைட்ரஜனை ஊட்டி மேற்பரப்பைக் கடினமாக்கும் முறையைக் கையாளுவதுண்டு. அதில் தோய்ச்சலே இல்லையாதலால் கோணல் மிகக் குறைவு. எஃகைத் தேர்ந்தெடுக்கும்போதே மெருகின் பாதி தீர்மானமாகிவிடுகிறது என்று நான் சொன்னது இதனால்தான்: கலவை எஃகில் செய்த கூட்டைக் காட்டி, பழைய லண்டன் வர்ணங்கள் வேண்டும் என்று கேட்பவர் ஏமாற்றமடைவதற்கே இடம் அதிகம்.

குழல்களின் கதை தனி. அவற்றின்மேல் சித்திரம் அதிகமிராது. ஆனால் ஒளி பட்டுப் பளிச்சிட்டால் பறவை கலைந்துவிடும் என்பதால் கருமை தேவை. அக்கருமையை வரவழைக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. சோடாக் காரத்தையும் நைட்ரேட் உப்பையும் செறிவாகக் கரைத்து, சுமார் 140 டிகிரியில் கொதிக்கும் கரைசலுக்குள் குழலை மூழ்க வைத்தால் அரை மணி நேரத்திற்குள் பளபளப்பான கருநீலம் ஏறிவிடும். தொழிற்சாலைகளுக்கு உகந்த வழி இது. ஆனால் இரட்டைக் குழல் துப்பாக்கியில் குழல்கள் இரண்டையும் அவற்றின் இடையிலுள்ள நடுப்பட்டையோடு இணைத்திருப்பது வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்று. 140 டிகிரியில் அப்பற்று உருகாது என்று கணக்குப் போட்டுத் திருப்தியடைந்துவிடக் கூடாது. உஷ்ணத்துக்குத் தப்பினாலும் காரத்துக்கு அது தப்புவதில்லை. ஈயத்தையும் வெள்ளீயத்தையும் சூடான காரம் அரித்துத் தின்றுவிட, இடுக்குகளில் தங்கிய உப்பு பின்னர் மெல்லத் துருவைக் கிளப்ப, நடுப்பட்டை கழன்றுவிடும்.

ஆகவே உயர்ந்த ரக இரட்டைக் குழல்களுக்குப் பழைய துரு முறையே இன்றும் கதி. எண்ணெய்ப் பிசுக்கு அறவே நீக்கிய குழலின்மேல் அமிலம் கலந்த கரைசலை மெல்லியதாகத் தடவி, ஈரப்பதமுள்ள அலமாரியில் சில மணி நேரம் வைத்திருந்தால், சீரான செந்துரு பூத்து நிற்கும். அதைக் கொதிக்கும் தண்ணீரில் இட்டால், செந்துரு காந்தத் தன்மையுள்ள கரிய ஆக்சைடாக மாறிவிடும். மேலே தளர்ந்து நிற்கும் பொடியை மெல்லிய கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்கி, மறுபடியும் தடவி, மறுபடியும் துருப்பிடிக்க வைத்து, மறுபடியும் கொதிக்க வைத்து, இப்படி ஆறேழு தடவைக்கு மேல் செய்தால்தான் ஆழ்ந்த நீலக்கருமை கிட்டும். உஷ்ணம் எந்தக் கட்டத்திலும் நூறு டிகிரியைத் தாண்டாததால் ஈயப்பற்றுக்கு ஆபத்தில்லை. உலகமெங்கும் இரும்பின் சத்துருவாகக் கருதி விரட்டப்படும் துருவையே அழைத்து வந்து, பழக்கி, இரும்புக்குக் காவல் வைப்பது ஒரு வேடிக்கைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பற்றவைத்துச் செய்த 'டமாஸ்கஸ்' குழல்களுக்கோ கொதிநீர் இடாமல் துருவின் பழுப்பையே நிறுத்திக்கொள்ளுவது வழக்கம். இரும்பும் எஃகும் துருவை ஒரே அளவில் ஏற்காததால் அவற்றின் முறுக்கு வரிகள் தெளிவாகத் தெரியும். தென்னிந்தியாவில் மூசையில் உருக்கி எடுத்து மேலை நாடுகளுக்குச் சென்ற எஃகில் அடித்த வாள்களின் நீரோட்டக் கோடுகளும் 'டமாஸ்கஸ்' என்றே வழங்குவதால், இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடுகிறவர்கள் உண்டு. இது கம்மியர் பற்றவைத்த வரி, அதுவோ எஃகு உறையும்போது உள்ளுக்குள்ளேயே தோன்றிய வரி.

துரு நீலத்தைக் கூட்டின்மேலும் ஏற்றலாமா என்று கேட்டால், செதுக்கின் ஆழத்தைப் பொறுத்தே விடை சொல்ல வேண்டும். ஆஸ்திரியாவின் ஃபெர்லாக் நகரத்துச் சிற்பிகளைப்போலப் பின்னணியைத் தோண்டி இறக்கி, கருவாலி இலைகளையும் மான்களையும் புடைப்புருவமாக எழுப்பியிருந்தால், கருமையில் அவை மிடுக்கோடு விளங்கும். மேட்டில் மினுக்கும் ஒளியும் பள்ளத்தில் தங்கும் இருளுமே அங்கே சித்திரத்தைப் பேசவைக்கின்றன. பொன் இழைத்த வேலைக்கும் கருநீலமே நற்றுணை. அடியில் அகன்று வாயில் குறுகிய காடியை எஃகில் வெட்டி, அதில் சுத்தத் தங்கக் கம்பியை அடித்து இறுக்கும்போது, கலப்பற்ற பொன் மெதுவாயிருப்பதால் காடியின் மூலைமுடுக்கெல்லாம் பரவிப் பிடித்துக்கொள்ளுகிறது. நீலத்தை விழுங்கி மஞ்சளையும் சிவப்பையும் திருப்பும் அதன் இயல்பு, நீலப் பின்னணியில் இருமடங்கு பிரகாசத்தைத் தருகிறது. புலினோவின் நுண்புள்ளிகளின்மேல் துருக் கரைசலைத் தடவுவதோ, அவற்றின் கூர்மையை அரித்து அழித்துவிட்டு, எஞ்சியதை இருட்டில் மறைப்பதாகும். நாணய மெருகிட்ட கூட்டைப் பொன்னால் நிரப்புவதும் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. வெளிறியதன்மேல் வெளிச்சமானது எடுபடாமல், செலவு மட்டும் எடுபடுகிறது.

உபயோகத்தையும் மறந்துவிடக் கூடாது. நாணய மெருகுக்கு ஆக்சைடுக் காவல் இல்லாததால், வியர்வையின் உப்புப் பட்ட விரல்ரேகை இரண்டொரு நாளில் துருவாகப் பதியும். எண்ணெயோ மெழுகோ தடவித் துடைக்காமல் உறையிலிடுகிறவர் அதைத் தேர்ந்தெடுக்காமலிருப்பதே நலம். நீலக்கருமை நுண்துளைகளில் எண்ணெயை ஏந்திக்கொள்ளுவதால் ஓரளவு தாங்கும். பலவர்ணப் படலம் கடினமான எஃகின்மேல் இருந்தாலும் தான் மெல்லியதாகையால், கை பட்டுப் பட்டுத் தேய்ந்துபோகும். சிலர் அதன்மேல் நிறமற்ற அரக்கு மெருகு பூசிக் காப்பாற்றுகிறார்கள். மூன்று மெருகிலும் எது ஏறினாலும், ஏறுவதற்கு முன் தகட்டை மெழுகுவர்த்திப் புகையில் காட்டி, ஒட்டும் தாளால் ஒற்றி எடுத்துச் சித்திரத்தின் பிரதி ஒன்றைச் சிற்பிகள் வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு; செதுக்கு மாத்திரம் தனித்து நிற்கும் கட்டம் அதற்குப் பிறகு வருவதில்லை.

ஐம்பது அறுபது வருஷம் கையாண்ட துப்பாக்கியில் வர்ணங்கள் பெரும்பாலும் மறைந்து, கை படாத மூலைகளிலும் தகட்டின் விளிம்போரத்திலும் மட்டும் கொஞ்சம் நீலம் ஒட்டிக்கொண்டிருக்கும். புதிதாக வர்ணம் ஏற்றிவிடலாமே என்ற ஆசை வாங்கியவருக்கு எழுவது இயற்கை. முறைப்படி செய்வதானால் கூட்டை மெதுவாக்கி, தேய்த்து, மீண்டும் கரிப்பெட்டியில் வைத்துத் தோய்ச்சல் போட வேண்டும். தேய்ப்பில் செதுக்கின் ஆழம் குறையும், தோய்ச்சலில் கூடு கோணி, மயிரிழை இடைவெளியும் இல்லாமல் பொருந்தியிருந்த குழல் பொருந்தாமற் போகலாம். இத்தொல்லைகளுக்கு அஞ்சி, வாயு விளக்கின் ஜுவாலையைக் காட்டி வர்ணத்தை வரவழைத்துத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். நீலம் தோன்றுவதற்கு ஏறக்குறைய 300 டிகிரி வேண்டியிருப்பதால், அந்த உஷ்ணத்தில் மார்ட்டென்சைட்டின் கடினத்தில் ஒரு பகுதி இறங்கிவிடுகிறது. பழகிய கண்ணுக்கு இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. ஜுவாலை ஓரிடத்தில் பட்டு உஷ்ணம் அங்கிருந்து நாற்புறமும் பரவுவதால், நடுவில் நீலம், அதைச் சூழ ஊதா, பின்னர் பழுப்பு, ஓரத்தில் வைக்கோல் மஞ்சள் என்று வர்ணங்கள் வரிசை தப்பாமல் வளையம் வளையமாக நிற்கும். கரிப்பெட்டியிலிருந்து குமிழி பொங்கும் தண்ணீரில் விழுந்த கூட்டிலோ, நீலத்துக்குப் பக்கத்திலேயே மஞ்சளும், மஞ்சளுக்கு நடுவே சாம்பலும் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாமல் கிடக்கும்.